பிரிந்த பெற்றோரைச் சேர்த்துவைக்கும் குழந்தைகள்: குடும்ப நகைச்சுவைப் படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிறார்கள். குழந்தைகள் ஏதோ ஒரு சூழ்ச்சி செய்து அவர்களை மீண்டும் ஒரே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த ஒற்றை வரிக் கதை ஜெர்மன், ஜப்பானியம், ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, இந்தி, பாரசீகம் எனப் பல மொழிகளில் முக்கால் நூற்றாண்டாகப் படமாகிவருகிறது. இப்படங்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

எந்தப் படங்களை இந்த வகையில் சேர்க்க வேண்டும்?

தாய் தந்தை இருவரும் உயிரோடு இருக்க வேண்டும், பிரிந்திருக்க வேண்டும், அவர்களைச் சேர்க்கும் முயற்சி குழந்தையின் கையில் இருக்க வேண்டும். மனைவியை இழந்த தந்தைக்குப் பிள்ளைகளே பெண் பார்க்கும் படங்கள் இதற்கு நெருங்கிய உறவு என்றாலும், அவற்றின் அடியில் ஓடும் உணர்வு வேறு. அங்கே இழப்பு முடிந்துபோன ஒன்று. இங்கேயோ இழந்த ஆள் வேறோர் ஊரில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார் என்பது குழந்தைக்குத் தெரியும், அல்லது கதையின் நடுவில் தெரியவரும். 1996இல் வந்த ‘ஹவுஸ் அரெஸ்ட்’ என்ற அமெரிக்கப் படத்தில், பிரியப்போவதாக அறிவித்த பெற்றோரைப் பிள்ளைகள் வீட்டின் நிலவறையில் அடைத்துப் பூட்டிப் பேசவைக்கிறார்கள்; அது இவ்வகையில் சேரும். 1997இல் வந்த ‘லயர் லயர்’ படத்தில், தன் தந்தை ஒருநாள் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று சிறுவன் பிறந்தநாளில் வேண்டிக்கொள்வதோடு அவன் பங்கு முடிந்து, மீதியெல்லாம் தந்தையின் கதையாகிவிடுகிறது. அதனை எல்லைக்கோட்டில் வைக்கலாம்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானவர்கள் வால்ட் டிஸ்னி நிறுவனம் 1961இல் எடுத்த ‘தி பேரன்ட் டிராப்’ படத்தைத்தான் மூலம் என்று நினைக்கிறார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1949இல், ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் எழுதிய ‘தஸ் டொப்பல்டெ லோட்சென்’ என்ற சிறுவர் நாவல் வெளிவந்துவிட்டது. தமிழில் அந்தத் தலைப்பை ‘இரட்டை லோட்டி’ என்று சொல்லலாம். வியன்னாவில் தந்தையோடு வாழும் லூயிசெ, மியூனிக்கில் தாயோடு வாழும் லோட்டெ என்ற இரண்டு சிறுமிகள் கோடை விடுமுறை இல்லம் ஒன்றில் சந்திக்கிறார்கள். முகம் அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறது. தாங்கள் இரட்டைப் பிறவிகள் என்பதையும் பெற்றோர் ஆளுக்கொருவராகத் தங்களைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதையும் கண்டுபிடிக்கிறார்கள். விடுமுறை முடிந்ததும் இடம் மாறி, லூயிசெ மியூனிக்குக்கும் லோட்டெ வியன்னாவுக்கும் போகிறார்கள். பின்னால் வந்த அத்தனை படங்களுக்கும் எலும்புக்கூடு இதுதான்.

இந்தக் கதை பிறந்த விதம் அவசியம் அறியத்தக்கது. கேஸ்ட்னரின் நூல்கள் 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகளால் தீக்கிரையாக்கப்பட்டன; அந்தக் கூட்டத்தில் நின்று அவரே அதைப் பார்த்தார். அதன்பின் ஜெர்மனியில் எழுதத் தடை. 1942இல் சிறிது காலம் மட்டும் திரைக்கதை எழுத அனுமதி கிடைத்தபோது, புனைபெயரில் ‘மூன்ஷ்ஹவுசென்’ படத்துக்கு எழுதினார். அதே சமயத்தில் அந்தப் படத்தின் இயக்குநர் யோசெஃப் ஃபான் பாக்கிக்காக இரட்டைச் சிறுமிகளின் கதையையும் திரைப்படக் குறிப்பாக எழுதிவைத்தார். தடை மீண்டும் வந்தது. குறிப்பு கிடப்பில் போனது. போர் முடிந்தபின் அதனை நாவலாக்கினார். 1950இல் அதே ஃபான் பாக்கி அதைப் படமாக்க, கேஸ்ட்னரே திரைக்கதை எழுதிப் பின்னணியில் கதைசொல்லியாகக் குரலும் கொடுத்தார். மேற்கு ஜெர்மனியின் தேசியத் திரைப்பட விருது 1951இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது சிறந்த படமாக இதுவே தேர்வானது. ஆக, இது நாவலிலிருந்து சினிமாவுக்குப் போன கதை மட்டும் அன்று. சினிமாவுக்காகப் பிறந்து, நாவலாகி, சினிமாவுக்கே திரும்பிய கதை. இடம் மாறுதல், கண்ணாடிபோல் எதிரெதிரே நிற்கும் முகங்கள், ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் நடக்கும் காட்சிகள் ஆகியவை திரைக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சிறுவர் கதையில் மணமுறிவைப் பேசலாமா என்ற எதிர்ப்பு அப்போது எழவில்லையா?

எழும் என்று கேஸ்ட்னர் எதிர்பார்த்தார். நாவலின் நடுவே கதையை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்குப் பதில் சொல்கிறார். அவர் எடுத்துக்காட்டும் செய்தி, ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்தைப் பற்றியது. ஏழெட்டு வயதில் உலகமே அறிந்த நடிகையாக இருந்த அந்தச் சிறுமி, தான் நடித்த படத்தைப் பார்க்கத் தாயோடு திரையரங்குக்குப் போனபோது, வயது போதாது என்று உள்ளே விடவில்லையாம். படத்தில் நடிக்கலாம், பார்க்கக் கூடாது. பெற்றோர் பிரிவும் அப்படித்தான் என்கிறார் கேஸ்ட்னர். அதை அனுபவிக்கும் குழந்தைகள் உலகெங்கும் ஏராளம். அனுபவிக்க வைத்துவிட்டு, அதைப் பற்றி அவர்களிடம் பேசக் கூடாது என்பது அன்பும் ஆகாது, அறிவும் ஆகாது என்பது அவர் வாதம்.

இவ்வகையில் வந்த எந்தப் படத்தையும் மதிப்பிட நான் கையில் எடுக்கும் அளவுகோல் இந்த வாதமே. ஒரு படம் பெற்றோரைச் சேர்த்துவைக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. குழந்தைக்குத் தெரியாமல் பெரியவர்கள் எதை மறைத்தார்கள், அந்த மறைப்புக்கு அவர்கள் குழந்தையின் முன் பதில் சொல்கிறார்களா என்பது முதற்கேள்வி. இரட்டைச் சிறுமிகளின் கதையில் மறைக்கப்பட்டது சாதாரணமான ஒன்று அன்று. ஓர் அக்காள் அல்லது தங்கை இருக்கிறாள் என்பதையே ஆண்டுக்கணக்கில் மறைத்திருக்கிறார்கள்.

பிற நாடுகளில் எப்படிப் பரவியது?

வியக்கத்தக்க வேகத்தில் பரவியது. ஜப்பானில் 1951இலேயே, அப்போது பதின்வயதுப் பாடகியாகப் புகழ்பெற்றிருந்த மிசோரா ஹிபாரி இரட்டை வேடத்தில் நடித்த படம் வந்துவிட்டது. பிரிட்டனில் 1953இல் எமெரிக் பிரெஸ்பர்கர் ‘ட்வைஸ் அபான் எ டைம்’ என்ற பெயரில் எடுத்தார். அவர் தனியாக இயக்கிய ஒரே படம் அதுதான். 1961இல் அமெரிக்கா, 1965இல் தமிழ்நாடு. ஈரானில் கியூமர்ஸ் பூர்அஹ்மத் 1990களின் நடுவில் ‘கஹரானே கரீப்’ என்ற படத்தை எடுத்தார். நாவலில் இசையமைப்பாளராக வரும் தந்தையை அதில் ஹோஸ்ரோ ஷகீபாயி நடித்த இசைக்கலைஞராகவே வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியிலேயே 1994இல் ‘சார்லி உண்ட் லூயிசெ’ என்று புதுக்காலத்துக்கு ஏற்ப மறுபடி எடுத்தார்கள்.

‘குழந்தையும் தெய்வமும்’ இதன் தழுவலா? எங்கே மாறுகிறது?

ஆம். ஏவி.எம். தயாரிப்பில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி 1965இல் வெளிவந்த அந்தப் படம் அமெரிக்கப் படத்தின் வழியாகக் கேஸ்ட்னரின் கதையைப் பெற்றுக்கொண்டது. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர். குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் லல்லி, பப்பி என்ற இரு குழந்தைகள். அவ்வாண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. இதே இயக்குநர்கள் 1966இல் தெலுங்கில் ‘லேத மனசுலு’ என்றும், 1968இல் இந்தியில் ‘தோ கலியான்’ என்றும் எடுத்தார்கள். இந்திப் படத்தில் இரட்டைச் சிறுமிகளாக நடித்த பேபி சோனியா, பின்னாளில் கதாநாயகியான நீத்து சிங்.

இதைத் தழுவல் என்று சொல்லிவிட்டு நகர்வது அந்தப் படத்துக்குச் செய்யும் அநீதி. கதை கடல் தாண்டும்போது எது மாறியது என்பதைப் பார்த்தால், ஒவ்வொரு சமூகமும் குடும்பம் உடைவதற்கு யாரைக் காரணமாக எண்ணுகிறது என்பது தெரியவரும். ஜெர்மன் நாவலில் காரணம் தந்தை. அவர் இசையமைப்பாளர்; பச்சிளம் குழந்தைகள் இருவரின் அழுகை அவருடைய வேலையைக் கெடுக்கிறது; தனியே அறை எடுத்துக்கொண்டு போகிறார்; மிக இளம் வயதில் தாயான மனைவி தனித்துவிடப்படுகிறாள். 1961ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தில் காரணம் இருவரின் முன்கோபம். 1998இல் எடுத்த மறுபதிப்பிலோ, கோபித்துக்கொண்டு மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப, கணவன் பின்தொடர்ந்து போகவில்லை. வருவான் என்று அவளும், வரச் சொல்லவில்லையே என்று அவனுமாக ஆண்டுகள் ஓடிவிட்டன.

தமிழில் காரணம் மாமியார். அதுவும் மருமகளை வாட்டும் மாமியார் அல்லர், மருமகனை வாட்டும் மாமியார். செல்வமும் செருக்கும் உள்ள குடும்பத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்த ஆண், அங்கே தன்மானத்தோடு இருக்க முடியாமல் வெளியேறும்போது, தாய் வீட்டை விட்டு மனைவி வர மறுக்கிறாள். ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்ற சொல்லில் உள்ள ஏளனத்தை அறிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு இந்தப் பிரிவுக்கு வேறு விளக்கமே தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. ஜெர்மன் கதையிலும் அமெரிக்கப் படங்களிலும் தம்பதியர் சட்டப்படி மணமுறிவு பெற்றவர்கள். கடைசியில் மறுபடி திருமணம் செய்துகொள்கிறார்கள். இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமுறிவுக்கு வழிவகுத்திருந்தாலும், இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவதற்கான பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது. 1965இல் ஒரு தமிழ்க் குடும்பப் படம் தன் கதாநாயகியை மணமுறிவு பெற்றவளாகக் காட்டத் துணியவில்லை. ‘வாழாவெட்டி’ என்ற கொடுஞ்சொல் புழங்கிய காலம் அது. அவர்கள் பிரிந்து வாழும் கணவன் மனைவியாகவே இருக்கிறார்கள். ஆகவே சேர்வதற்குக் குழந்தைகள் உடைக்க வேண்டியது சட்டச் சுவரை அன்று, பாட்டியின் அதிகாரத்தை.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. பழி முழுவதையும் மாமியார் மேல் போட்டுவிட்டதால், கணவனும் மனைவியும் தங்கள் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது. கேஸ்ட்னரின் இசையமைப்பாளர் தன்னலத்தைத் தானே உணர வேண்டியிருக்கிறது. தமிழ்த் தந்தைக்கு அந்தச் சோதனை இல்லை. ஆனால், அந்தக் குறையை ஈடுசெய்யும் ஒன்று படத்தில் இருக்கிறது. அது ‘கோழி ஒரு கூட்டிலே’ பாட்டு. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் எம்.எஸ். ராஜேஸ்வரி குழந்தைக் குரலில் பாடியது. கோழி ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம், குஞ்சுகள் அன்பில்லாத இடத்தில் என்று, வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தியை ஒரு குழந்தை கொல்லைப்புறத்தில் தான் காணும் பறவைகளை வைத்துச் சொல்லிவிடுகிறது. இந்தியிலும் அந்தக் கோழியும் சேவலும் ‘முர்கா முர்கி’ என்று அப்படியே போனதற்குக் காரணம், அதைவிட நல்ல உவமை யாருக்கும் கிடைக்கவில்லை என்பதுதான். தலைப்பும் அப்படியே: குழந்தையும் தெய்வமும் கொண்டாடின இடத்திலே என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவருக்கு, இரண்டு வீடுகளில் எந்த வீடு கொண்டாடிய இடம் என்ற கேள்வி தலைப்பிலேயே எழுந்துவிடும்.

அமெரிக்கப் படங்களில் 1961ஐ முதலில் பார்ப்பதா, 1998ஐயா?

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு பார்ப்பதானால் 1998ஆம் ஆண்டுப் படம். நான்சி மேயர்ஸ் இயக்கியது. லிண்ட்சே லோஹன் நடித்த முதல் திரைப்படம். லண்டனில் மணப்பெண் ஆடை வடிவமைக்கும் தாய், கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தந்தை. கோடை முகாமில் சண்டையிட்டுத் தண்டனையாகத் தனிக் குடிலில் அடைபட்ட சிறுமிகள், ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கும் ஒரு கிழிந்த புகைப்படத்தை ஒட்டவைத்துப் பார்க்கும் காட்சியில், எந்த வயதினரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வீட்டுப் பணியாளர்களாக வரும் மார்ட்டினும் செஸ்ஸியும் குழந்தைகளின் பக்கம் நிற்கும் பெரியவர்கள் என்பதால், படம் முழுவதும் ஒரு பாதுகாப்பு உணர்வு இருக்கிறது.

டேவிட் ஸ்விஃப்ட் எழுதி இயக்கிய 1961ஆம் ஆண்டுப் படத்தில் ஹேலி மில்ஸ் இரட்டை வேடத்தில் நடித்தார். மௌரீன் ஓஹாராவும் பிரையன் கீத்தும் பெற்றோர். அது பெரியவர்களின் ஊடலில் அதிக நேரம் செலவிடும் படம். மௌரீன் ஓஹாராவின் நடிப்புக்காகவே அதைப் பிறகு தனியே பார்க்கலாம்.

நான்சி மேயர்ஸ் இந்தக் கருவுக்கு வந்தது முதன்முறை அன்று. ‘தி பேரன்ட் டிராப்’ மறுபதிப்பை அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்த சார்லஸ் ஷையர், 1984இல் ‘இர்ரிகன்சைலபிள் டிஃபரன்சஸ்’ என்ற படத்தை இயக்கியிருந்தார். அதன் எழுத்திலும் மேயர்ஸுக்குப் பங்கு உண்டு. அதில் ட்ரூ பேரிமோர் நடித்த சிறுமி, சண்டையிடும் பெற்றோரிடமிருந்து தனக்கு விடுதலை வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போகிறாள். பெற்றோரைச் சேர்க்க முயலும் குழந்தையையும் பெற்றோரை விலக்க முயலும் குழந்தையையும் அந்த எழுத்தாளர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முன்னதன் இனிப்பு சற்றுத் தெளியும்.

ஒரே குழந்தை இரண்டு பேராக எப்படித் தெரிகிறது?

1950ஆம் ஆண்டு ஜெர்மன் படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஈசா, யூட்டா என்ற உண்மையான இரட்டைச் சகோதரிகளே நடித்தார்கள். 1961இல் ஒரு பகுதியை மறைத்துப் படச்சுருளை இரண்டு முறை பதிவுசெய்யும் பழைய முறையோடு, சோடிய விளக்கொளியில் பின்னணியைத் தனியே பிரித்தெடுக்கும் முறையையும் பயன்படுத்தினார்கள். முதலில் பெரும்பாலான காட்சிகளை முதுகு காட்டி நிற்கும் மாற்று நடிகையை வைத்தே எடுப்பதாகத் திட்டம்; தந்திரக் காட்சிகள் ஒட்டுத் தெரியாமல் வந்திருப்பதைப் பார்த்த வால்ட் டிஸ்னி, அவற்றைக் கூட்டச் சொன்னார். 1998இல் கணினி கட்டுப்படுத்தும் கேமரா, ஒரே அசைவைத் துல்லியமாகத் திரும்பச் செய்தது. ஆகவே கேமரா நகர்ந்துகொண்டிருக்கும்போதே இருவரும் ஒரே சட்டகத்தில் இருக்க முடிந்தது. எந்தக் கருவி இருந்தாலும், எதிரே யாருமில்லாத வெற்றிடத்தைப் பார்த்துத் தன் தங்கையிடம் பேசுவதுபோல் நடிக்க வேண்டியது ஒரு சிறுமிதான்.

இரட்டைக் குழந்தைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ள நீதிமன்றம் உண்மையில் அனுமதிக்குமா?

எளிதில் அனுமதிக்காது. உடன்பிறந்தவர்களைக் கூடியவரை ஒன்றாகவே வைப்பதுதான் பல நாட்டு நீதிமன்றங்களின் போக்கு. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது; குழந்தையின் நலனே தலையாய கருத்து என்றும் சொல்கிறது. பெற்றோர் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு குழந்தைக்கு மற்றொரு குழந்தை இருப்பதையே மறைத்து வளர்ப்பது அந்த நலனுக்கு நேர் எதிரானது. படங்கள் இதை ஒரு விசித்திரமான ஏற்பாடு என்ற அளவில் தாண்டிச் செல்கின்றன. நாம் அப்படித் தாண்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் ‘இப்படிச் செய்தது தப்புதானே?’ என்று கேட்டால், தப்புதான் என்று சொல்லிவிடலாம்.

இன்னும் பழைய சட்டம் ஒன்றில் ஒரு நல்ல வரி இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புரிமைக்குட்பட்டோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிந்து முடிவெடுக்கும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. இப்படங்களில் வரும் குழந்தைகள் சூழ்ச்சியில் இறங்குவதற்கு அடிப்படைக் காரணம், அந்த விருப்பத்தை அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதே.

தந்தை மணக்கவிருக்கும் பெண் ஏன் எப்போதும் கெட்டவளாக வருகிறாள்?

இவ்வகைப் படங்களின் மிகப் பெரிய பலவீனம் இது. நாவலில் இரெனெ கெர்லாக், 1961இல் விக்கி, 1998இல் மெரிடித்: மூவரும் அழகிகள், இளையவர்கள், பணத்தின் மேலோ வசதியின் மேலோ கண் வைத்தவர்கள், குழந்தையை விடுதிப் பள்ளிக்கு அனுப்பத் தயங்காதவர்கள். கதைக்கு இது வசதி. அவள் நல்லவளாக இருந்தால், பல்லியையும் தேனையும் வைத்து அவளை விரட்டும் காட்சிகளில் நம்மால் சிரிக்க முடியாது. குழந்தைகளின் வெற்றி ஒரு நல்ல பெண்ணின் தோல்வியாகிவிடும்.

ஆனால், பார்க்கும் பிள்ளைகளில் சிலருடைய வீட்டில் உண்மையாகவே ஒரு சிற்றன்னையோ மாற்றாந்தந்தையோ இருக்கக்கூடும். அவர்கள் அன்பானவர்களாகவும் இருக்கக்கூடும். கேஸ்ட்னர் இந்த இடத்தில் திரைப்படங்களைவிட நேர்மையானவர். அவருடைய லோட்டெ எந்தக் குறும்பும் செய்வதில்லை. தனியாக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், என் அப்பாவை நீங்கள் மணக்கக் கூடாது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு வந்து, காய்ச்சலில் விழுகிறாள். அந்தக் காய்ச்சலை அமெரிக்கப் படங்கள் நகைச்சுவைக்காக விட்டுவிட்டு முகாம் குறும்புகளை வைத்தன. சிரிப்பு கூடியது, ஆனால், பெற்றோர் பிரிவு ஒரு குழந்தையின் உடம்பை எப்படித் தாக்கும் என்ற செய்தி போய்விட்டது.

பெற்றோர் சேராமலே முடியும் நல்ல படங்கள் உண்டா?

உண்டு, அவற்றில் முதன்மையானது 1993இல் கிறிஸ் கொலம்பஸ் இயக்கத்தில் ராபின் வில்லியம்ஸ் நடித்த ‘மிசஸ் டவுட்ஃபயர்’. அங்கே சூழ்ச்சி செய்பவர் தந்தை. பிள்ளைகளோடு இருப்பதற்காக மூதாட்டி வேடமிட்டு வேலைக்குச் சேர்கிறார். வேடம் கலைந்தபின் கணவனும் மனைவியும் மீண்டும் சேர்வதில்லை. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைத் தந்தை கண்காணிப்பு இல்லாமல் அழைத்துப்போகத் தாய் ஒப்புக்கொள்கிறார்; தொலைக்காட்சியில் மூதாட்டி வேடத்தில் தோன்றும் தந்தை, பெற்றோர் பிரிந்ததால் கடிதம் எழுதிய ஒரு சிறுமிக்குப் பதில் சொல்கிறார். குடும்பங்கள் பல விதம், அன்பு இருக்கும்வரை அவையும் குடும்பங்களே என்பது அந்தப் பதிலின் சாரம்.

இதே கருவைத் தமிழில் கே.எஸ். ரவிக்குமார் இயக்கத்தில் கமல்ஹாசன் 1996இல் ‘அவ்வை சண்முகி’யாகத் தந்தார். கிரேசி மோகனின் வசனத்துக்காகவும் ஜெமினி கணேசனின் முதிர்ந்த நகைச்சுவைக்காகவும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கத்தக்க அந்தப் படத்தில், பாண்டியனும் ஜானகியும் மகளுக்காகவும் தங்களுக்காகவும் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே பிரிவின் பின்னால் சாதியும் அந்தஸ்தும் இருந்தன. அவற்றை மீறிச் செய்துகொண்ட காதல் திருமணம் தோற்றதாகப் படம் முடிந்தால், எதிர்த்தவர்கள் சொன்னதே சரி என்று ஆகிவிடும். ஆகையால் அந்த முடிவை வெறும் சமரசம் என்று நான் தள்ள மாட்டேன். ஆயினும், பிரிந்த பெற்றோர் பிரிந்தபடியே பிள்ளைக்கு நல்ல பெற்றோராக இருக்கலாம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஒரு படம் தமிழில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பெற்றோர் உண்மையிலேயே பிரிந்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்படங்களைக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் தனியே பார்க்க விட்டுவிடக் கூடாது. ஜூடித் வாலர்ஸ்டைனும் ஜோன் கெல்லியும் 1971இல் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் மணமுறிவு பெற்ற 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 குழந்தைகளைப் பின்தொடரத் தொடங்கி, 1980இல் நூலாக எழுதினார்கள். வசதியான ஒரு வட்டாரத்துக் குடும்பங்கள் என்பதால் அதன் முடிவுகளை எல்லாருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும், அதில் பதிவான ஒரு செய்தி, குழந்தைகளோடு பழகிய எவருக்கும் புதிதாக இராது: ஆண்டுகள் சென்ற பின்னரும் பிள்ளைகளில் பலர் அப்பாவும் அம்மாவும் ஒருநாள் சேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை உள்ளூர வைத்திருந்தார்கள். சிறு வயதினர் பலருக்குத் தங்களால்தான் பிரிவு நேர்ந்தது என்ற எண்ணமும் இருந்தது.

இப்படங்கள் தொடுவது சரியாக அந்த இரண்டு இடங்களையும்தான். குழந்தை கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டால் பெற்றோர் சேர்வார்கள் என்று ஒரு படம் சொல்லும்போது, அதன் மறுபக்கமாக, சேராவிட்டால் குழந்தையின் முயற்சி போதவில்லை என்ற பொருளும் தொக்கி நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் அப்படியொரு சூழலில் வளரும் ஒன்பது வயதுச் சிறுமியோடு 1998ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். முடிவில் அவள் கேட்டது சேர்வதைப் பற்றி அன்று. “அவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றுதான் கேட்டாள். தன்னிடமும் யாரோ ஏதோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பது அந்தக் கேள்வியில் இருந்தது. அன்றிரவு அவள் தாயிடம் பேசினோம். மறுவாரம் தாய் அவளிடம் பேசினார். படம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு இன்னும் தள்ளிப்போயிருக்கும் என்றே நம்புகிறேன்.

படம் முடிந்ததும் ‘நம்ம வீட்டிலும் இப்படி நடக்குமா?’ என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் அன்றே. நடக்காது என்று தெரிந்திருந்தால், “அப்பாவும் அம்மாவும் மறுபடி சேர்ந்து இருக்கப் போறதில்ல; ஆனா ரெண்டு பேருக்கும் நீ பிள்ளைதான், அது மாறாது” என்று எளிய சொற்களில் சொல்லலாம். பிரிவுக்கு அந்தக் குழந்தை காரணம் அன்று என்பதையும், சேர்த்துவைக்கும் வேலை அதனுடையது அன்று என்பதையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்; ஒன்றைச் சொன்னால் மற்றது தானே விளங்கும் என்று விட்டுவிடக் கூடாது. ‘பார்ப்போம்’, ‘சாமிகிட்ட வேண்டிக்கோ’ என்பன போன்ற பதில்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை சொல்பவருக்கு ஆறுதல். கேட்கும் குழந்தைக்கோ இன்னும் ஓராண்டுக் காத்திருப்பு. அதன்பின் குழந்தை அழுதால் அழட்டும், அருகில் இருங்கள். மறுநாள் அதே படத்தை மறுபடி போடச் சொன்னால் போடுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது பெரும்பாலும் அந்தக் கூடார முகாம் காட்சிக்குத்தான் சிரிக்கக் காத்திருக்கும்.